பொம்மபுரத்திலிருந்து திருவக்கரைக்கு: ஒரு பகல் நடை

ஒரே பகலில் நடந்து முடிக்கக்கூடிய வழிகளில் தமிழ்நாட்டிலேயே அருமையானது எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பொம்மையார்பாளையத்தில் கிளம்பி, குயிலாப்பாளையம் வழியாக மேடேறி, இரும்பை, வானூர்ப் பக்கம் என்று மேற்கே போய்த் திருவக்கரையில் முடிகிற வழிதான் அது. இருபது கிலோமீட்டருக்கு மேல். மலை இல்லை, அருவி இல்லை. ஆனால் ஒரு மடம், சம்பந்தர் பாடிய இரண்டு தலங்கள், ஒரு சித்தர், ஒரு சோழ அரசி, இரண்டு கோடி ஆண்டுப் பழைய மரங்கள் என்று இத்தனையையும் ஒரே நாளில் கால்நடையாகப் பார்த்துவிடலாம் என்றால் வேறு எங்கே முடியும், சொல்லுங்கள்!

பொம்மையார்பாளையம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கடலோர விடுதிகள்தான். அந்த ஊர்தான் பழைய பொம்மபுரம். மயிலம் முருகன் கோயிலை நிர்வகித்துவரும் வீரசைவ மடத்துக்குப் பொம்மபுர ஆதீனம் என்று பெயர் வந்தது இந்த ஊரால்தான். கற்பனைக் களஞ்சியம் என்று தமிழுலகம் கொண்டாடும் துறைமங்கலம் சிவப்பிரகாசர், 17ஆம் நூற்றாண்டில் இந்த மடத்துச் சிவஞான பாலய சுவாமிகளைக் குருவாகக் கொண்டு, அவர்மேல் தாலாட்டு, பிள்ளைத்தமிழ், கலம்பகம் என்று பாடிப் பாடித் தீர்த்தவர். வாழ்ந்தது வெறும் 32 ஆண்டு. பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த ‘நன்னெறி’ அவருடையதுதான். கடற்கரை மணலில் அவர் விரலால் எழுத எழுத, மாணாக்கர்கள் பார்த்துப் பார்த்து ஓலையில் இறக்கினார்களாம். அந்த மணல் இந்த மணல்தான் என்று என் மனசு எப்போதோ முடிவு கட்டிவிட்டது. விடிகிற நேரத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி அந்த மணலில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத்தான் மேற்கே திரும்பினேன்.

சாலையைத் தாண்டியதுமே ஏற்றம். குயிலாப்பாளையம் வருவதற்குள் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. உப்பு வெளுப்புப் போய்ச் செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறது. ஊருக்குள் காலைக் கடையில் சூடான பொங்கலும் மெதுவடையும். கீரைக்கட்டைத் தலையில் சுமந்து வரும் அம்மாவும், சைக்கிளில் போகும் பிரெஞ்சுக்காரரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டு போகும் தெரு அது. எனக்கு அந்தத் தெருவை விட்டு நகரவே மனம் வராது.

ஊரைத் தாண்டினால் செம்மண் மேடு. மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து ஓடைகளைப் பள்ளத்தாக்காகவே ஆக்கி வைத்திருக்கிறது. அதில் ஒன்றில் இறங்கி நின்றேன். ஆளுயரத்துக்கு மேலே இரு பக்கமும் சிவப்புச் சுவர். நடுநடுவே மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடுகள். விரலை வைத்தால் பொடிப்பொடியாக உதிரும் மணற்கல். சுவரின் உச்சியில் ஒரு முந்திரி மரம் பாதி வேரை வெளியே நீட்டிக்கொண்டு, விழாமல் பிடிவாதமாக நின்றுகொண்டிருந்தது. இந்தப் பாறைக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் தேவைப்படும். 1968இல் ஆரோவில் தொடங்கிய காலத்தில் இந்த மேடு கிட்டத்தட்ட மொட்டையாகக் கிடந்தது. வாய்க்கால் வரப்பு போட்டு மழைநீரைத் தடுத்து, கத்திச்சவுக்கை முதலில் ஊன்றி, பிறகு நம் நாட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அந்த நிழலில் நடக்கும்போது அந்தக் கைகளையெல்லாம் பிடித்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இந்த நிழலுக்கும் இரும்பைக்கும் ஒரு கதைத் தொடர்பு உண்டு. இரும்பை மாகாளேசுவரர் கோயிலைச் சுற்றித்தான் கடுவெளிச் சித்தர் கதை. அரச மரத்தடியில் புற்று மூடத் தவம் இருந்தாராம். ஊரில் மழை இல்லை. அவர் தவத்தின் வெப்பம்தான் காரணம் என்று நினைத்த அரசன், அதைக் கலைக்க வள்ளி என்ற ஆடல்மகளை அனுப்பினான். உதிர்ந்த அரச இலைகளை மட்டும் உண்டு வந்த சித்தரின் கையில் அவள் அப்பளத்தை வைத்து வைத்து, ருசியாலேயே கண் திறக்க வைத்தாள். பிறகு ஒரு திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்த அவள் காற்சலங்கை கழன்று விழ, சித்தர் எடுத்து மாட்டிவிட்டார். கூட்டம் சிரித்தது. சித்தர் பொங்கிப் பாட, கருவறை லிங்கம் மூன்றாக வெடித்தது. இந்த மண் வறண்டுபோகட்டும் என்ற சாபமும் விழுந்தது. அரசன் காலில் விழுந்து மன்றாட, தூர தேசத்திலிருந்து வருகிறவர்கள் இதை மீண்டும் பச்சையாக்குவார்கள் என்று இரங்கினாராம். பொட்டலைக் காடாக்கிய ஆரோவில்காரர்களைக் காட்டித்தான் இந்தப் பக்கத்தில் இந்தக் கதையைச் சொல்வார்கள். அந்தக் காட்டு வழியே வியர்க்க வியர்க்க நடந்து வந்து கேட்டவனுக்குத்தான் இதன் முழு ருசி தெரியும்.

உள்ளே போனேன். வெடித்துச் சேர்ந்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் தள்ளி நிற்பதைப் பார்த்த குருக்கள், “கிட்ட வாங்கோ, தீபத்துல நன்னாத் தெரியும்” என்று ஆரத்தித் தட்டை ஒரு கணம் அப்படியே நிறுத்திப் பிடித்தார். செம்பின் மேல் அந்தச் சுடர் ஓடியது! அம்பாள் பெயர் குயில்மொழியம்மை. என்ன பெயர், என்ன பெயர்!

இரும்பையில் மதிய நடை சாத்துவதற்குள் தரிசனத்தை முடித்துக்கொள்ள வேண்டும். திருவக்கரையில் மாலை நடை திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் உள்ள வெயில் நேரம் முழுக்க நடைக்கு என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். கால் வலுவுள்ளவர்கள் சற்று வடக்கே ஒதுங்கி, ஒழிந்தியாப்பட்டு அரசலீசுவரரையும் பார்த்துவிட்டு வரலாம். அதுவும் சம்பந்தர் பாடிய திருவரசிலிதான். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் முப்பத்திரண்டில் கடைசி மூன்றும் இப்படி நடக்கும் தொலைவில் அமைந்திருப்பது நம் கால்களுக்குக் கிடைத்த கொடுப்பினை.

செம்மண் மேட்டை விட்டு இறங்கி வானூர்ப் பக்கம் போகும்போது மண் மறுபடி மாறுகிறது. துருவை, ஒட்டை போன்ற ஊர்களின் அடியில் கிடப்பது டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கடலின் படிவுகள். 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரிச் சுற்றுவட்டாரத்தில் பொறுக்கிச் சேர்த்த கல்லாகிப்போன சிப்பிகளையும் கிளிஞ்சல்களையும் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து எழுதினார். நெல்லும் சவுக்கும் நிற்கிற வயல் வரப்பில் நடக்கிறேன், காலடியில் கடல்! இதை நினைக்க நினைக்க வெயிலே உறைக்கவில்லை.

சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு ஆயா அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தார்.

“எங்கேர்ந்து தம்பி நடந்து வரீங்க?”

“பொம்மையார்பாளையத்துலேர்ந்து ஆயா. திருவக்கரைக்குப் போறேன்.”

“அம்மாவப் பாக்கவா? நடந்தா?” என்று கேட்டுவிட்டு, நான் வாங்கியது போக இன்னொரு கை அள்ளிப் பொட்டலத்தில் போட்டார். காசு நீட்டினால் வாங்கவில்லை. “கோயிலுக்கு நடந்து போற புள்ளகிட்ட அதுக்குமா காசு வாங்குவாங்க, போ போ.”

திருவக்கரையை நெருங்கும்போது கல் குவாரி லாரிகள் புழுதி கிளப்பும். மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு தாண்டிவிடுங்கள். அதற்குப் பின்னால் காத்திருக்கிறது கல்மரப் பூங்கா. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1940இல் பாதுகாப்பில் எடுத்த இடம். பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனரா 1781லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். நம் மக்களோ அதற்கும் முன்பே, அம்மனும் பெருமாளும் வதைத்த அசுரர்களின் எலும்புகள் இவை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஒரு மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நேற்று வெட்டிப் போட்ட அடிமரம் போலவே கிடக்கிறது. நார் நாராக ஓடும் வரிகள், ஒரு கணு, அந்தக் கணுவைச் சுற்றி வளைந்து போகும் ரேகைகள். கையை வைத்தால் சில்லென்று கல். தட்டினால் கல்லின் சத்தம். இவற்றுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை, பட்டையும் இல்லை. எங்கோ மேற்கே வளர்ந்து, பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, மரத்தின் ஒவ்வொரு உயிரணுவிலும் சிலிக்கா ஏறி இறுகியவை. அந்த மணல்தான் காலையில் குயிலாப்பாளையத்தில் என் விரலில் உதிர்ந்த அதே கடலூர் மணற்கல்! காரில் வந்தவர்களுக்கு இது ஒரு பூங்கா. நடந்து வந்தவனுக்குக் காலையில் ஏறிய மேடும் மாலையில் தொட்ட மரமும் ஒரே நிலம் என்பது காலுக்கே தெரிகிறது.

மாலை நடை திறந்ததும் சந்திரமௌலீசுவரர் கோயில். வாசலை அடுத்தே வக்கிரகாளி. அந்த உயரத்தையும் அந்தக் கண்களையும் பார்த்தால் பேச்சு வராது. வலமாக ஐந்து, இடமாக நான்கு சுற்று என்பது இங்கே வழக்கம். ராஜகோபுரம், கொடிமரம், நந்தி எதுவும் கருவறைக்கு நேர்க்கோட்டில் இல்லை. எல்லாம் விலகி விலகி நிற்கும். கருவறையில் மும்முக லிங்கம். அதே வளாகத்தில் பிரயோகச் சக்கரத்தோடு வரதராசப் பெருமாள்.

இத்தாலியின் டஸ்கனிக் குன்றுகளில் இடைக்கால மடாலயங்களுக்கு இடையே நடக்க உலகமே போகிறது. போகட்டும், அவையும் அழகுதான். அங்கே புகழ்பெற்ற சாந்த்ஆந்திமோ மடாலயத்தின் இன்றைய கல் தேவாலயம் 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கண்டராதித்த சோழரின் தேவி, ராஜராஜனுக்குப் பாட்டி முறையான செம்பியன் மாதேவி, திருவக்கரையில் கற்றளி எடுப்பித்தது 1001இல்! வாழ்நாள் முழுக்கச் செங்கல் கோயில்களைக் கல்லாக்கிக்கொண்டே வந்தவர். மரமே கல்லான ஊரில் அவர் கைபட்ட சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சாயங்காலம் போதும்.

நேரம் இருந்தால் பஸ் பிடித்து மயிலம் போய்விடுங்கள். காலையில் கடலோரத்தில் பார்த்த ஆதீனத்தின் மலைக்கோயில் அங்கேதான்; சூரபத்மன் மயிலாக விரும்பித் தவமிருந்த மலை என்பது தலபுராணம். தையும் மாசியும் நடைக்கு ஏற்ற மாதங்கள். பௌர்ணமியன்று திருவக்கரையில் கூட்டம் நெரியும், அன்று வேண்டாம். தண்ணீர் இரண்டு பாட்டிலாவது வேண்டும், தலைக்குத் துண்டு கட்டாயம். மாசி மகத்துக்கு மயிலத்து முருகன் தீர்த்தவாரிக்காகப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடலுக்கு எழுந்தருளுவார். அடுத்த மாசியில் நான் மயிலத்திலிருந்து கிழக்கே, அவர் வரும் திசையில் நடக்கப்போகிறேன். வருகிறவர்கள் வாருங்கள், விடியற்காலை நான்கு மணிக்கு மலையடிவாரத்தில் கிளம்புகிறோம்.