கடற்கரையில் கைத்தொலைபேசி: ஓர் ஆய்வுரையின் மதிப்பு

மின்னியல் கருவிகள் பெருகினால் செல்வம் பெருகும். செல்வம் பெருகினால் மக்கள் நலமும் தானே பெருகும் என்பார் பலர். அக்கூற்றுக்குச் சான்றாக அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது, அமெரிக்கப் பொருளியலறிஞர் ராபர்ட் ஜென்சன் வடகேரள மீனவரைப்பற்றி 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையாகும். அவ்வுரை பாராட்டுக்குரியது. ஆயினும், அது எதை மெய்ப்பித்தது, எதை மெய்ப்பிக்கவில்லை என்று பிரித்தறிதல் வேண்டும்.

1997 ஜனவரி 14ஆம் நாள் வடகரைக் கடற்கரையில் 11 மீனவர், பிடித்த மீனை வாங்குவாரின்றித் தவித்தனர். அதே வேளையில், 15 கிலோமீட்டருக்குள் 27 வணிகர் மீன் கிடைக்காமல் நின்றனர். இரு சாராரையும் இணைக்கச் செய்தி இல்லை. அவ்வாண்டு முதல் 2001க்குள் கரையோரத்தில் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எழுந்தன. மீனவர் படகிலிருந்தே விலை கேட்டறிந்து, ஏற்ற கரையை நாடினர். அதற்குமுன் நாள்தோறும் 5 முதல் 8 விழுக்காடு வரை வீணாகிவந்த மீன் விற்பனையாயிற்று. மீனவரின் இலாபம் 8 விழுக்காடு உயர்ந்தது; நுகர்வோர் கொடுத்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது. கருவியால் விளைந்த இந்நன்மையை நாம் தயக்கமின்றி ஒப்புவோம்.

ஆனால், விலை தெரிந்தால் மட்டும் போதுமா? விரும்பிய இடத்தில் விற்கும் உரிமையும் வேண்டுமன்றோ! வலைக்கும் எந்திரத்துக்கும் வணிகரிடம் முன்பணம் பெற்ற மீனவர், அவரிடமே விற்கக் கட்டுண்டவராயின், அடுத்த கரையின் நல்விலை அவருக்கு என்ன பயன் தரும்? படகு வேற்றூர்க் கரையை அடைந்தால், சொந்த ஊரில் கூடையுடன் காத்திருக்கும் மீன்காரப் பெண்ணின் அன்றைய பிழைப்பு என்னாகும்? சராசரிக் கணக்கால் மட்டும் இவற்றுக்கு விடை காண இயலாது.

தென்கேரளக் கரையில் இவ்வினாவுக்கு மீனவரே விடை தேடினர். கைத்தொலைபேசி வருமுன்பே சங்கங்கள் அமைத்து, கரையோர ஏலத்தைத் தம் பொறுப்பில் நடத்தினர். உறுப்பினருக்குக் கடனுதவியும் ஏற்பாடு செய்தனர். 1980இல் அச்சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. கடனுக்காக வணிகரை நம்பியிராத மீனவருக்கே விலைச்செய்தி முழுப்பயன் அளிக்கும்.

ஆகவே, ஜென்சனின் ஆய்வுரையைச் சான்று காட்டுவோர் கோபுரங்களை மட்டும் எண்ணுதல் சாலாது. பெருகிய செல்வம் படகுக்குரியவர், கூலியாள், மீன்காரப் பெண் ஆகியோரிடையே எங்ஙனம் பங்கிடப்பட்டது என்பதையும் அவர்கள் ஆராய்தல் வேண்டும். அக்கணக்கைப் பார்த்த பின்னரே மக்கள் நலம் வளர்ந்தது என்று முடிவு கூறுதல் பொருந்தும்.