கல்லில் கேட்கும் குரல்: மெய்க்கீர்த்தியை ரசிப்பது எப்படி?

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் நுழைந்ததும் எல்லோருடைய கண்ணும் விமானத்தின் உச்சிக்குத்தான் போகும். போகட்டும். ஆசை தீரப் பார்த்துவிட்டு விமானத்தின் அடித்தளத்துக்கு வாருங்கள். பட்டை பட்டையாக ஓடும் கற்களில் இடைவெளி இல்லாமல் எழுத்து வெட்டியிருக்கும். காலையிலோ மாலையிலோ போங்கள். வெயில் சாய்வாக விழும்போது வெட்டின் ஓரத்தில் நிழல் தங்கி எழுத்து எழும்பித் தெரியும். உச்சிவெயிலில் அதே கல் மொழுமொழுவென்று இருக்கும், ஒன்றும் பிடிபடாது.

அந்த எழுத்தை வரலாற்றுச் சான்றாகப் படிக்கச் சொல்லித்தரப் பல நல்ல நூல்கள் இருக்கின்றன. அதை ஒரு குரலாகக் கேட்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். இன்ஸ்டாகிராமில் திருபுவனம் பட்டு விற்பவரும், ஃபேஸ்புக்கில் பாரம்பரிய அரிசி விற்பவரும் இன்று ‘பிராண்ட் வாய்ஸ்’ என்று ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பதிவை யார் எழுதினாலும், எதைப் பற்றி எழுதினாலும், படித்தவுடன் இது இன்னாருடைய பேச்சு என்று தெரிய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஒரு பேரரசு முழுவதும் அதைக் கல்லில் செய்து காட்டியவர்கள் சோழர்கள். அதன் பெயர் மெய்க்கீர்த்தி.

முதலாம் ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. அவருக்கு முன்னால் சோழக் கல்வெட்டுகள் சுருக்கமாகத் தொடங்கும்: மங்கலச் சொல், அரசனின் பட்டம், ஆட்சியாண்டு, உடனே விஷயம். பட்டம் என்றால் இரண்டே இரண்டுதான். ஓர் அரசன் ராஜகேசரி என்றால் அடுத்து வருபவன் பரகேசரி. முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தர சோழன், ராஜராஜன் எல்லோருமே ராஜகேசரிகள். வெறுமனே ‘கோவிராஜகேசரி’ என்று தொடங்கும் கல்வெட்டு கிடைத்தால் அது யார் காலத்தது என்று எழுத்தமைதியையும் உள்ளே வரும் ஆட்களின் பெயர்களையும் வைத்து வழக்காட வேண்டியிருக்கிறது. பராந்தகன் ‘மதுரை கொண்ட’, ஆதித்த கரிகாலன் ‘பாண்டியன் தலைகொண்ட’ என்று அடைமொழி சேர்த்துக்கொண்டது கொஞ்சம் உதவியது. ஆனால் அவை வெறும் அடையாளச் சீட்டுகள். குரல் என்று சொல்ல அவற்றில் ஒன்றுமில்லை.

ராஜராஜனின் எட்டாம் ஆட்சியாண்டு வாக்கில் நிலைமை மாறுகிறது. ‘திருமகள் போல’ என்ற தொடக்கத்தால் இன்றும் அறிஞர்கள் பெயர் சொல்லும் மெய்க்கீர்த்தி கல்வெட்டுகளின் தலையில் ஏறி உட்கார்கிறது. ஆசிரியப்பா நடை. திருமகளைப் போலவே நிலமகளும் தனக்கே உரியவள் என்று அரசன் மனத்தில் கொண்டதில் ஆரம்பித்து, காந்தளூர்ச் சாலையைத் தொட்டு, வேங்கைநாடு, கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி, குடமலைநாடு என்று வெற்றிகளை அடுக்கி, பாண்டியர் ஒளி மங்கிய பெருமையைச் சொல்லி, கடைசியில்தான் அரசன் பெயரையும் ஆண்டையும் சொல்லும். பெயர் இவ்வளவு பின்னால் வருவதைக் கவனியுங்கள். கேட்பவருக்கு யார் பேசுகிறார் என்பது பெயருக்கு முன்பே தெரிந்துவிடும்.

கல்லின் கீழ்ப்பாதி சிதைந்து அரசன் பெயரே இல்லாமல் போனாலும், தொடக்கத்தில் இரண்டு மூன்று சொல் மிஞ்சினால் போதும். கல்வெட்டறிஞர் ‘இது ராஜராஜன்’ என்று சொல்லிவிடுவார். இன்றைய விளம்பரக்காரர்கள் லோகோவை மறைத்துவிட்டுப் பதிவைப் படித்துப் பார் என்று சொல்லும் சோதனையே இதுதான். ஆயிரம் வருஷ வெயிலும் மழையும் லோகோவை மறைத்த பிறகும் அந்தக் குரல் அடையாளம் தெரிகிறது.

அடுத்து அது எப்படி வளர்கிறது என்று பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மெய்க்கீர்த்தியின் தலையும் முடிவும் அப்படியே இருக்கும். நடுவில் பட்டியல் மட்டும் நீளும். கொல்லமும் கலிங்கமும் வரும், ஈழமண்டலம் வரும், இரட்டபாடி ஏழரை இலக்கம் வரும். ஆட்சியின் கடைசிக் காலத்தில், 29ஆம் ஆண்டு வாக்கில், முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும் வந்து சேரும். பொதுவாகப் பழைய பெயர்களின் வரிசை குலையாது. அதனால் ஆண்டு எண் உடைந்துபோன கல்லில்கூடப் பட்டியல் எதுவரை வந்திருக்கிறது என்பதை வைத்துக் காலத்தைக் கணிக்க முடிகிறது. மகன் ராஜேந்திரனின் ‘திருமன்னி வளர’ இதே முறையில் இன்னும் நீண்டு, கங்கைக்கரை வரையும் கடல் கடந்து கடாரம் வரையும் போகும். புதிதாகச் சொல்ல ஒன்று நடந்தால்தான் வாசகம் நீள்கிறது. நடக்காதபோது பழைய வாசகமே போதும் என்று இருக்கிறது. தினம் ஒரு பதிவு போட்டே ஆக வேண்டும் என்று தவிப்பவர்கள் இந்தப் பொறுமையைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும்.

ஊருக்கு ஊர் கல்தச்சர் வேறு, எழுத்துப்பிழைகள் உண்டு, ஒரே நாட்டின் பெயரை இரண்டு விதமாக வெட்டியிருப்பார்கள். புள்ளி வைக்கும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரத்தைப் படிப்பவரே பிரித்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் நடுவில் குரல் பிசகாமல் இருக்கக் காரணம் அதன் பின்னால் இருந்த அலுவலகம். அரசன் வாயால் சொல்வதைத் திருமந்திர ஓலை எழுதுகிறவர் எழுத, திருமந்திர ஓலை நாயகம் பார்த்து ஒப்ப, புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்தில் பதிந்த பிறகே ஓலை ஊருக்குப் போகும். நாகப்பட்டினம் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த செப்பேட்டில் இந்த அதிகாரிகளின் வரிசையைப் பெயரோடு படிக்கலாம். ஒரே குரல் என்பது ஒரே ஆள் எழுதுவதால் வந்துவிடவில்லை. பலர் கை பட்டும் கெடாதபடி ஒரு முறை வைத்திருந்தார்கள்.

மெய்க்கீர்த்தியோடு நிறுத்திவிடுகிறவர்கள் பாதி ரசனையை விட்டுவிடுகிறார்கள். அதற்குக் கீழே வரும் கணக்குக்கு இறங்குங்கள். 25ஆம் ஆண்டின் 275ஆம் நாள் ராஜராஜன் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தான். குடத்தின் எடை 3,083 பலம், அதன்மேல் வேய்ந்த பொன் 2,926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சை விடாத குரல் இது. தான் கொடுத்தவை, அக்கன் குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லி அரசனே ஆணையிட்டான். கொடுத்தவர்கள் பலர், வாசகத்தின் நடை ஒன்று. பொன்னை ‘ஆடவல்லான்’ என்ற கல்லாலும், மணிகளைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்ற கல்லாலும் நிறுத்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லும். நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். எடைக்கல்லும் மரக்காலும் கோயில் இறைவனின் பெயரில் பேசின.

நகைப் பட்டியலில் ஒரு முத்துக்கோவையை எடுத்து நிதானமாகப் படியுங்கள். முத்து இத்தனை என்று எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாது. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று வடிவத்தையும் தரத்தையும் பிரிக்கும். குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒளியின் சாயலைச் சொல்லும். மணிகளின் எடையில் அரக்கும் பிஞ்சும் சேர்ந்திருக்கிறதா, முத்துக்குச் சரடு நீக்கி நிறுத்ததா என்பதையும் விடாது. கறடு என்றால் சொரசொரப்பான முத்து. இறைவனுக்குப் பேரரசன் கொடுத்த நகையில் குறையுள்ள முத்து இருக்கிறது என்று கல்லில் வெட்டி வைக்க எவ்வளவு நிமிர்வு வேண்டும்! மேலே நிலமகளைத் தன்னுடையவள் என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்கிறது. கீழே உள்ள கணக்கின் நேர்மைதான் மேலே உள்ள புகழுரைக்கு எடை தருகிறது என்று நான் நினைக்கிறேன்.

தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியலும் அப்படித்தான். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன. முதல் பெண்ணுக்கு எந்த வரிசையோ நானூறாவது பெண்ணுக்கும் அதே வரிசை. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நெல் நூறு கலம். பாதியில் அலுத்துப்போய் ‘மற்றும் பலர்’ என்று முடிக்கவில்லை. பொறுமையாக ஐம்பது பெயர் படித்துப் பாருங்கள், அந்த மாறாத வாய்ப்பாடே ஒரு தாளமாகக் காதில் விழ ஆரம்பிக்கும். அதற்குள் ஒவ்வொரு பெயரும் தனியாக ஒலிக்கும்.

குரல் மாறக் கூடாது என்றால் தொனியும் மாறக் கூடாதா? இதற்கு அசோகரிடம் போக வேண்டும். பாறைகளில் ஒரே வாசகத்தை நாடெங்கும் வெட்டியவர் அவர். கலிங்கப் போரின் சாவுக்காக வருந்தும் 13ஆவது பேராணை வடமேற்கில் ஷாபாஸ்கர்ஹி போன்ற இடங்களில் உண்டு. கலிங்கத்திலேயே, தௌலியிலும் ஜௌகடாவிலும் இல்லை. அடிபட்ட மக்களிடம் அதை எடுத்துச் சொல்லாமல், குடிமக்கள் எல்லோரும் என் பிள்ளைகள் என்ற பொருளில் அதிகாரிகளுக்குத் தனி ஆணைகள் வெட்டினார்கள். பேசுகிறவர் ‘தேவர்களுக்குப் பிரியமானவர்’ என்ற அதே ஆள்தான். யாரிடம் பேசுகிறோம் என்பதறிந்து சொல்லவேண்டியதும் தொனியும் மாறியிருக்கிறது.

இந்தக் காதோடு டெல்டாவின் இன்றைய பக்கங்களைத் திறந்து பாருங்கள். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி விற்கும் பக்கங்களில் பாதிக்கு மேல் ‘நம் முன்னோர்களின் பாரம்பரியம்’ என்றே தொடங்குகின்றன. பெயரை மறைத்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை செந்தமிழ், வெள்ளிக்கிழமை ‘ஹாய் மக்களே’, பொங்கலுக்கு யாரோ அனுப்பிய வாழ்த்துப்படம். நல்ல அரிசியை வைத்துக்கொண்டு இப்படிக் குரல் இல்லாமல் நிற்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அரிதாக ஒரு பக்கம் கண்ணில் படும். எந்த ஊர் வயல், குறுவையா தாளடியா, எத்தனை நாள் பயிர், எவ்வளவு தவிடு நீக்கியது என்று ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரே வரிசையில் சொல்லும். இந்தத் தடவை அறுப்பில் மழை பட்டு மணி பழுப்பேறிவிட்டது, விலையைக் குறைத்திருக்கிறோம் என்றும் சொல்லும். அந்தப் பதிவைப் படிக்கும்போது எனக்குக் கறடு என்ற சொல்தான் ஞாபகம் வரும். கொண்டாட்டப் பதிவை மட்டும் பார்த்து ஒரு பக்கத்தின் குரலை முடிவுசெய்யாதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த வாரத்தில் என்ன எழுதினார்கள் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். தள்ளுபடி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததா, அல்லது அதே நடையில், தணிந்த தொனியில், எந்த ஊருக்கு என்ன தேவை என்று எழுதினார்களா?

பெரிய கோயிலில் காது பழகியதும் மற்ற ஊர்களுக்குப் போகலாம். பக்கத்தில் திருவையாற்றில் ராஜராஜனின் தேவி உலோகமாதேவி எடுத்த வடகயிலாயம் இருக்கிறது. பிற்காலச் சோழர் ஒவ்வொருவருக்கும் தொடக்கம் வேறு: முதலாம் ராஜாதிராஜனுக்குத் ‘திங்களேர் தரு’, முதலாம் குலோத்துங்கனுக்குப் ‘புகழ்மாது விளங்க’, இன்னொன்று ‘புகழ் சூழ்ந்த புணரி’, விக்கிரம சோழனுக்குப் ‘பூமாலை மிடைந்து’, தாராசுரம் கட்டிய இரண்டாம் ராஜராஜனுக்குப் ‘பூமருவிய’. தந்தையின் வாசகத்தை மகன் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வடிவத்தை எடுத்துக்கொண்டு தன் சொல்லைத் தானே தேடியிருக்கிறான்.

கையில் பாடம் இல்லாமல் போனால் கல் சீக்கிரம் சோர்வு தரும். பெரிய கோயில் கல்வெட்டுகளை ஹுல்ச் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதி 1891இல் வெளிவரத் தொடங்கியது. அதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் கிரந்த எழுத்தில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’யைத் தேடிப் பிடியுங்கள். அதன் பக்கத்தில் ‘திரு’ என்ற இரண்டெழுத்து தெரிந்துவிட்டால், மீதியைத் தாளோடு ஒப்பிட்டு எழுத்து எழுத்தாக நகரலாம். கல்லின் மேல் சாக்பீஸ், மாவு எதுவும் தேய்க்காதீர்கள்; சாய்வு வெளிச்சம் போதும். கூட வந்தவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பாவாக இருப்பதால் அது வாயில் எளிதாக ஓடும். கங்கபாடிக்கும் நுளம்பபாடிக்கும் நடுவில் மூச்சு எடுக்க வேண்டிய இடத்தைக்கூட அதுவே காட்டிக்கொடுக்கும்.