நட்பும் தோழமையும்: கெழுதகைமையின் எல்லை

ஆய்வுச் சுருக்கம்

நட்பு, தோழமை ஆகிய இரு சொற்களையும் ஒருபொருட் சொற்களாகக் கொள்வது இன்றைய வழக்கு. அகராதிகளும் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தருகின்றன. இலக்கிய ஆட்சிகளை நோக்குமிடத்து, நட்பு உணர்ச்சி ஒப்பின்மீது நிற்பதாகவும், தோழமை ஒரு வினையின் பொருட்டு ஏற்றத்தாழ்வைக் கடந்து அமைவதாகவும் தோன்றுகின்றன. இவ்வேறுபாட்டைத் திருக்குறள், அகமரபு, பக்தி இலக்கியம், தற்காலப் பொதுவழக்கு ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நட்பு, தோழமை, கெழுதகைமை, தோழி, தோழர், பணியுறவு

முன்னுரை

இன்றைய எழுத்துத் தமிழில் ஒரு முரண் கவனிக்கப்படாமலே நிலைத்துவிட்டது. ஆணைக் குறிக்க ‘நண்பர்’ என்கிறோம். பெண்ணைக் குறிக்கும்போது ‘தோழி’ என்கிறோம். நண்பர் என்பதன் பெண்பாலாக ‘நண்பி’ ஈழத்தமிழில் இயல்பாக வழங்குகிறது. தமிழ்நாட்டில் அது வேரூன்றவில்லை. மறுபுறம், தொழிற்சங்கங்களிலும் இடதுசாரிக் கட்சிகளிலும் பெண்ணும் ‘தோழர்’ என்றே அழைக்கப்படுகிறார். அவரைத் ‘தோழி’ என்று மேடையில் அழைத்தால் அவை நெளியும். வடிவத்தால் தோழர் என்பதற்கு இணையான தோழி, வழக்கால் நண்பர் என்பதன் பெண்பாலாகிவிட்டது. இரண்டும் ஒரே பொருளன எனின் இவ்விடப்பெயர்ச்சிக்கு இடமே இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சங்க அகப்பாடல்களை வகுப்பறையில் விளக்கும்போது தோழியைத் தலைவியின் ‘நெருங்கிய சிநேகிதி’ என்று கூறி நகர்ந்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லால், அப்பாடல்களுக்குள் இருக்கும் ஓர் உழைப்புறவு முழுவதும் மறைந்துபோகிறது.

குறள் வகுக்கும் எல்லை

திருக்குறளில் நட்பு முதல் கூடா நட்பு வரையிலான ஐந்து அதிகாரங்களில் நட்பு, கேண்மை, தொடர்பு, பழைமை எனப் பல சொற்கள் மாறிமாறி வருகின்றன; தோழமை என்னும் சொல் வருவதில்லை. தோழி என்னும் விளி காமத்துப்பாலில் (1284) உண்டு. ஆகவே அச்சொற்குடும்பத்தை அறியாமையால் வள்ளுவர் விட்டார் எனக் கொள்வதற்கில்லை.

நட்பிற்கு உடனிருத்தலும் பழகுதலும் வேண்டா, உணர்ச்சியே போதும் என்பது 785-ஆம் குறளின் கருத்து. பரிமேலழகர் இதற்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டுகிறார். ஒருவரையொருவர் காணாத இருவர் அவர்கள். ஒருவருக்காக மற்றவர் செய்துமுடிக்கவேண்டிய காரியம் எதுவும் அவர்களிடையே இல்லை. உயிர்விடும் வேளையில் உடனிருத்தல் ஒன்றே உண்டு.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 381-ஆம் குறள் நட்பை அரசின் ஆறு உறுப்புகளுள் ஒன்றாக எண்ணுகிறது. பரிமேலழகரும் நட்பதிகாரங்களை அங்கவியலில் அடக்குகிறார். அவ்வாறாயின் நட்பும் பயன் கருதிய நிறுவனம்தானே? மறுப்பு வலுவானது. ஆயினும் அதே குறளில் அமைச்சு வேறாகவும் நட்பு வேறாகவும் எண்ணப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. அரசனுக்குக் கீழ்ப் பணிபுரிபவன் எத்துணை நெருங்கியவனாயினும் ‘நட்பு’ என்னும் உறுப்பினுள் அடங்கான். அவ்வுறுப்பில் இடம்பெறுபவன் தன் நிலத்தைத் தானே ஆளும் பிறிதொருவன்.

இவ்வெல்லையை மிகக் கூர்மையாகக் காட்டுவது கெழுதகைமை என்னும் சொல். உரிமை பற்றிக் கேளாமலே செய்யும் செயலை அது குறிக்கும். பழைமை அதிகாரத்தில் அது நட்பின் உறுப்பு (802). நண்பன் உரிமையால் செய்ததற்கு உடன்படாவிடில் நெடுநாள் பழகிய நட்பால் பயனில்லை (803). மன்னரைச் சேர்ந்தொழுகல் அதிகாரத்தின் இறுதிக் குறளிலோ (700) அதே சொல் கேட்டிற்குக் காரணமாகிறது. பழைய பழக்கம் உண்டென்று எண்ணி அரசனிடம் தகாதன செய்பவனை அந்த உரிமையே அழிக்கும். ஒரே சொல் ஓரிடத்தில் உறவின் உயிர், மற்றோரிடத்தில் நஞ்சு. வேறுபாடு செயலின் தன்மையில் மட்டும் இல்லை. செய்யப்படும் இடத்திலும் இருக்கிறது. பணியிடத்தில் ‘பழைமை’ செல்லாது.

இதனோடு 519-ஆம் குறளையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பொதுவாக யாரும் அவ்வாறு படிப்பதில்லை. வினையில் இடையறாது முயல்பவனின் கேண்மையைத் தலைவன் தவறாக எண்ணினால் செல்வம் அவனை விட்டு நீங்கும் என்பது அதன் கருத்து. அதாவது, பணியாளனிடத்தும் ஒருவகைக் கேண்மை எழுகிறது. அது அவன் செய்யும் வினையிலிருந்து எழுகிறது. 700 பணியாளனுக்கு அடக்கத்தைக் கற்பிக்க, 519 தலைவனுக்குப் பொறுத்தலைக் கற்பிக்கிறது. ஆயினும் இரண்டும் சமம் என்று சொல்ல இயலாது. தவறினால் ஒருவன் இழப்பது செல்வம். மற்றவனுக்கு நேர்வது கேடு என்று மட்டும் சொல்லி நிறுத்தப்படுகிறது. அரசனைச் சார்ந்து வாழ்பவனுக்குக் கேடு எந்த அளவில் நிற்கும் என்பதை அவ்வதிகாரம் விரிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை போலும்.

வினையின் பொருட்டு அமைந்த இக்கேண்மைக்குக் குறள் தனிச்சொல் வைக்கவில்லை. பிற்கால இலக்கியத்தில் அவ்விடத்தை நிரப்புவது தோழமை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தோழி செய்யும் பணி

தோழி யார் என்பதற்குத் தொல்காப்பியம் ஐயத்திற்கிடமின்றி விடை தருகிறது: அவள் செவிலியின் மகள் (களவியல்). நட்பாராய்தல் அதிகாரம் வலியுறுத்தும் ஆராய்ந்து தேர்தல் இங்கு நிகழவில்லை. தாயின் பணி மகளுக்கு வந்தது. வீட்டின் அமைப்பே அவளைத் தலைவியின் அருகில் நிறுத்தியது.

அவள் செய்வன எவை எனத் துறைகளைக் கொண்டே அறியலாம். மதியுடம்படுதல், குறை நயப்பித்தல், செறிப்பறிவுறுத்தல், வரைவு கடாதல், அறத்தொடு நிற்றல், வாயில் மறுத்தல், வாயில் நேர்தல். இவை ஒவ்வொன்றும் ஒரு காரியம். இடர் நிறைந்த காரியமும் ஆகும். இரவுக்குறியில் தாய் விழித்துக்கொண்டால் முதலில் விடை சொல்லவேண்டியவள் அவளே. இத்தனை பாடல்களில் பேசும் ஒருத்திக்குப் பெயர் இல்லை என்பதில் வியப்பில்லை; தலைவிக்கும் பெயர் இல்லை. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. தோழியின் சொந்தக் காதல் அகப்பாட்டின் பாடுபொருள் ஆவதில்லை. அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்திய மரபு, தோழியை அதன் நடுவிலேயே வைத்துப் பேசச்செய்தது. ஆனால் பிறருடைய காதலை மட்டுமே பேசச்செய்தது.

இதனை வெறும் சுரண்டலாகப் படிப்பதும் பிழை. அவ்வாறு படிக்கும் போக்கு அண்மைக்கால ஆய்வேடுகளில் மிகுந்துவருகிறது. அது பாடல்களின் காதுக்கு எட்டும் ஓசையைக் கேளாமல் செய்யும் வாசிப்பு. ஐங்குறுநூற்று 203-ஆம் பாடலில், உடன்போய் மீண்ட தலைவி தலைவன் நாட்டு நீரின் சுவையைத் தோழியிடம் சொல்லும்போது அவளை ‘அன்னாய்’ என்று விளிக்கிறாள். பணிமகளின் மகளைத் தாய்ச்சொல்லால் அழைக்கிறாள். தோழியும் தலைவியை அன்னை என்று விளிப்பதுண்டு. ‘தோழி’ என்னும் விளியும் இருபுறமும் செல்கிறது. ஏற்றத்தாழ்வு உடையவர்களிடையே விளி மட்டும் சமமாக இருக்கிறது. தோழமையின் தனித்தன்மை இதுவே எனலாம். அது நிலையை மாற்றுவதில்லை. அழைக்கும் முறையை மாற்றுகிறது.

தலைவன் பக்கத்தில் இதே பணியைச் செய்பவனைத் தொல்காப்பியம் பாங்கன் என்கிறது. அவன் தலைவனைக் கழறுகிறான். இடித்துரைப்பதே நட்பு என்னும் 784-ஆம் குறளுக்கு இணங்கியவன் போலத் தோன்றுகிறான். ஆனால் கழறிய பின்னும், தலைவன் சொன்ன இடத்தை நோக்கி அவளைக் காணப் போகிறவனும் அவனே.

சொல்லால் அமையும் தோழமை

பக்தி இலக்கியத்தில் தோழமை, உயர்ந்தோன் வாயால் வழங்கப்படும் சொல்லாகிறது. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் (5.8) குகனைப் பாடுமிடத்து, ஏழை, அயலான், கீழ்மகன் என்று தள்ளாமல் இராமன் அவனைத் தன் தோழன் ஆக்கிக்கொண்ட செய்தி முதலில் வருகிறது. தாழ்வுகளைப் பட்டியலிட்ட பின்னரே தோழன் என்னும் சொல் வருகிறது. கம்பர் இதனை மேலும் ஓரடி நகர்த்துகிறார். அயோத்தியா காண்டத்தில் பரதனின் படையைக் கண்டு ஐயுற்ற குகன், இராமன் தன்னைத் தோழமை கொண்டு உரைத்தது ஒரு சொல் அல்லவா என்று பொங்குகிறான். அவன் தன் உணர்ச்சியைச் சான்றாகக் காட்டவில்லை. சொல்லப்பட்ட சொல்லைக் காட்டுகிறான். அச்சொல் அவனைக் கங்கைக் கரையில் படையோடு நிற்கக் கடமைப்படுத்துகிறது. இராமனோ முன்னரே குகனைத் தம்பியருள் ஒருவனாக எண்ணிவிட்டான். இராமன் உறவு கொண்டாட, குகன் தோழமை என்கிறான். தன் நிலையை உணர்ந்தவன் தேர்ந்த சொல் அது.

சுந்தரர் வரலாற்றில் சிக்கல் முழுமை பெறுகிறது. பெரியபுராணத்தின்படி இறைவன் முதலில் அவரை ஆட்கொள்வது அடிமை ஓலையைக் காட்டி. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவையில் முடிகிறது. பின்னர்த் திருவாரூரில் இறைவன் தன்னையே அவருக்குத் தோழமையாகத் தருகிறான். அடிமை நீங்காமலே தோழமை சேர்கிறது. வன்தொண்டர், தம்பிரான் தோழர் என்னும் இரு பெயர்களும் ஒருவர்க்கே நிலைக்கின்றன. சைவம் வகுத்த நால்வகை நெறியில் தாசமார்க்கமும் சகமார்க்கமும் வெவ்வேறு. சுந்தரரின் வாழ்விலோ அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

தோழன் செய்வது என்ன? பரவையாரின் ஊடல் தீர்க்க நள்ளிரவில் தூது போகிறான். அகமரபில் தோழிக்கும் பாங்கனுக்கும் உரிய பணியை இறைவன் செய்கிறான். சுந்தரரே தம் பதிகத்தில் (7.51) தாம் செய்யும் குற்றங்களுக்கு உடனாகுபவன் என்று அவனைப் பாடுகிறார். குறளின் நண்பன் குற்றங்கண்டு இடிப்பவன். சுந்தரரின் தோழன் குற்றத்தில் பங்கேற்பவன். இதனைப் பொறாதவர் ஏயர்கோன் கலிக்காமர். ஆண்டவனை ஏவல் கொள்வதா என்னும் அவரது சினத்தைப் பக்தியின் மிகுதி என்று மட்டும் விளக்குவது வழக்கம். அது 700-ஆம் குறளின் சினமும் ஆகும். பணியுறவுக்குள் கெழுதகைமை புகுந்ததைக் கண்டு எழுந்த சினம் அது. சேக்கிழார் அவரைக் குறைத்துப் பேசாமல் நாயனாராகவே பாடியிருப்பது, அவ்வினாவுக்கு எளிய விடை இல்லை என்று அவரும் கருதியமையால் ஆகலாம்.

தோழர், சகா, நண்பர்

ஐரோப்பியப் பயணம் முடிந்து 1932-இல் திரும்பிய பெரியார், ஸ்ரீ முதலிய அடைமொழிகளை நீக்கி அனைவரையும் ‘தோழர்’ என்றே குறிக்குமாறு குடி அரசு வழிக் கேட்டுக்கொண்டார். நண்பர் என்னும் சொல் அப்பணிக்கு உதவியிராது. ஒருவர் எல்லாருக்கும் நண்பராக இயலாது. நட்பிற்கு ஆராய்தல் வேண்டும். முன்பின் அறியாத ஒருவரை, பொதுவான ஒரு வினை பற்றிச் சமமாக விளிக்கத் தோழர் என்பதே தக்கது. விளியால் சமன் செய்யும் அதன் பழைய ஆற்றலைச் சங்கத் தோழியிடமே காண்கிறோம்.

அலுவலக வழக்கு இதற்கு மாறான திசையில் சென்றது. ‘சக ஊழியர்’ என்பதிலுள்ள சக என்பது ‘உடன்’ என்னும் பொருளுடைய வடசொல்; ‘அமைச்சரவைச் சகா’ என்பதிலும் சகமார்க்கத்திலும் உள்ளது ‘தோழன்’ என்னும் பொருளுடைய வேறொரு வடசொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. ஒரே கூரையின்கீழ் வேலை செய்பவர் என்பதும் தோழர் என்பதும் எழுத்தளவிலேனும் கலந்துபோனது தற்செயலே. ஆயினும் பொருத்தமான தற்செயல்.

தோழமைக்கு ஒரு விலையும் உண்டு. வினையால் அமைந்தது, வினையை நடத்தும் அமைப்பால் பறிக்கப்படவும் கூடும். ஜெயமோகனின் ‘பின்தொடரும் நிழலின் குரல்’ (1999) நாவலில் தொழிற்சங்கவாதியான அருணாசலம், கட்சியிலிருந்து நீக்கப்பட்டு அதன் நினைவிலிருந்தும் அழிக்கப்பட்ட வீரபத்திரபிள்ளையின் தடத்தைத் தேடுகிறான். ஒருவர் தோழர் அல்லர் என்று மூன்றாமவர் அறிவிக்க முடியும். நண்பர் அல்லர் என்று எவராலும் அறிவிக்க இயலாது. அந்நாவலின் அரசியல் முடிவுகளோடு இக்கட்டுரையாளர்க்கு உடன்பாடு இல்லை. ஆனால் அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை அது சரியாகவே தொட்டிருக்கிறது.

கல்விப்புலத்தில் இரண்டு சொற்களும் அல்லாத மூன்றாவது சொல்லொன்று ஆள்கிறது. ‘உரிமையோடு கேட்கிறேன்’ என்று தொடங்கி ஆய்வு மாணவரிடம் ஒப்படைக்கப்படும் மெய்ப்புத் திருத்தமும் கருத்தரங்க மலர்த் தொகுப்பும் இத்துறையில் இருப்பவர் அறியாதன அல்ல. இக்கட்டுரையாளரும் செய்திருக்கிறார், சில வேளை மகிழ்ந்தே. கெழுதகைமையை உரையாசிரியர்கள் உரிமை என்றுதான் விளக்குகின்றனர். கீழிருப்பவர் அவ்வுரிமையை மேலிருப்பவரிடம் எடுத்துக்கொள்வதை 700 தடுக்கிறது. மேலிருப்பவர் கீழிருப்பவரிடம் எடுத்துக்கொள்வதைப் பற்றி அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஒன்றும் பேசவில்லை.