சும்மா இருக்கும் கணினி

ஆடியோக்வெஸ்ட் நிறுவனம் 2012இல் ‘டிராகன்ஃபிளை’ என்று ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பென்டிரைவ் அளவுதான் இருக்கும். ஒரு முனையைக் கணினியில் செருகி, மறுமுனையில் ஹெட்ஃபோனை மாட்டினால் பாட்டு கேட்கலாம். அதன் முதுகில் தும்பி வடிவில் ஒரு சின்ன விளக்கு. கணினியிலிருந்து ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாக வந்தால் பச்சை, 48,000 என்றால் நீலம், 88,200 என்றால் மஞ்சள், 96,000 என்றால் மெஜந்தா. பார்ப்பதற்கு அலங்கார விளக்கு போலத் தெரிந்தாலும், கணினியின் குட்டை உடைப்பது அதுதான். சிடியிலிருந்து எடுத்த பாட்டைப் போட்டால் விளக்கு பச்சையாக எரிய வேண்டும். பல வீடுகளில் நீலமாக எரியும். சிடியில் இருந்தது 44,100. கணினி நடுவில் புகுந்து அதை 48,000 ஆக்கி அனுப்பியிருக்கிறது.

டிராகன்ஃபிளை ஒரு டிஏசி. டிஏசி எனப்படும் டிஜிட்டல்-அனலாக் மாற்றியின் வேலை, எண்களாக இருக்கும் இசையை மின் அலையாக மாற்றித் தருவது. அந்த எண்கள் வந்து சேரும் வழியில் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் ஆடியோ ரசிகரின் கைத்திறன் இருக்கிறது. கணினியைப் பாட வைக்க யாராலும் முடியும். சும்மா இருக்க வைப்பதுதான் பெரும்பாடு.

இந்த 44,100 என்ற விநோத எண் வீடியோ டேப் விட்டுச்சென்ற சொத்து. எழுபதுகளின் கடைசியில் டிஜிட்டல் ஒலியைப் பதிய அகலமான அலைவரிசைப் பட்டை தேவைப்பட்டது. அதற்குக் கையில் இருந்தது வீடியோ ரெக்கார்டர்தான். படத்தின் ஒவ்வொரு வரியிலும் 3 மாதிரிகளை அடைத்தார்கள். நொடிக்கு 60 புலம் (ஃபீல்டு எனப்படும் அரைப் படம்) ஓடும் நாடுகளில் ஒரு புலத்துக்கு 245 வரி, 50 ஓடும் நாடுகளில் 294 வரி. எப்படிப் பெருக்கினாலும் 44,100. 1982இல் சிடி கடைக்கு வந்தபோது அந்த எண்ணும் கூடவே வந்தது. சினிமாவும் தொலைக்காட்சியும் 48,000 பக்கம் போயின. கணினிக்காரர்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள்: 1997இல் இன்டெல் வகுத்த ஏசி’97 என்ற ஒலித் தரத்துக்கு 48,000தான் அடிப்படை. இன்றும் பல மடிக்கணினிகள் வாங்கியதிலிருந்தே 48,000இல் நிற்பதற்குப் பூர்வகதை இது.

கணினியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பாட்டு ஓடும்போதே யூடியூப் திறந்திருக்கும், மின்னஞ்சல் ‘டிங்’ என்னும், ஜூம் அழைப்பு வரும். எல்லாவற்றையும் ஒரே ஸ்பீக்கரில் கேட்க வேண்டுமானால் எல்லாம் ஒரே வேகத்துக்கு வந்தாக வேண்டும். சாம்பார், ரசம், மோர் மூன்றையும் ஒரே கரண்டியால் பரிமாறுகிற பந்தி அது. வேலை நடக்கும், ருசி கலக்கும். 44,100ஐ 48,000 ஆக்க, 147 மாதிரிகள் இருந்த இடத்தில் 160 மாதிரிகளைக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். அதாவது டிஏசிக்குப் போகும் எண்களில் பெரும்பாலானவை சிடியில் இல்லாதவை, கணினி யூகித்தவை.

விண்டோஸில் இதற்கு மருந்து 2007இல் விஸ்டாவோடு வந்த வாசாபி என்ற ஒலி வழி. அதில் ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்றொரு முறை இருக்கிறது. பிளேயர் அந்த முறையில் டிஏசியைப் பிடித்துக்கொண்டால், எல்லா ஒலியையும் ஒன்றாகக் கலக்கும் விண்டோஸின் கலவைக்காரருக்கு வேலையில்லை. பாட்டின் வேகம் எதுவோ அதற்கே டிஏசி மாறிக்கொள்ளும். செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கன்ட்ரோல் பேனலில் ‘சவுண்ட்’ திறந்து, டிஏசியின் பெயரைத் தேர்ந்து, ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் எக்ஸ்க்ளூசிவுக்கான இரண்டு கட்டங்களிலும் டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘என்ஹான்ஸ்மென்ட்’ என்று எது இருந்தாலும் அணைத்துவிட வேண்டும். பிறகு ஃபூபார்2000 போன்ற பிளேயரின் அவுட்புட் பட்டியலில் அதே டிஏசி ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்ற அடைமொழியோடு நிற்கும். அதைத் தேர்ந்தால் முடிந்தது. இதில் ஒரு கூடுதல் லாபம்: தோடி ஆலாபனை உச்சத்தில் இருக்கும்போது வாட்ஸ்அப் சத்தம் குறுக்கே வர முடியாது. இந்த ஒன்றுக்காகவே மாறலாம்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்க்ளூசிவ் முறையில் முதல் பாட்டைப் போடும் முன் ஆம்ப்ளிஃபயரின் குமிழைக் கீழே இறக்கிவிடுங்கள். அதுவரை கணினியின் ஒலிக்கட்டுப்பாடு பாதியில் நின்றிருந்தால், இப்போது முழு வீச்சு நேராக வந்து காதில் இறங்கக்கூடும்.

அந்தக் கட்டுப்பாட்டை எங்கே நிறுத்துவது என்பது ரசிகர்களிடையே தீராத வழக்கு. கணக்கு எளிது: கணினிக்குள் 6 டெசிபல் குறைத்தால் ஏறக்குறைய 1 பிட் போகும். 16 பிட் மட்டுமே வாங்கும் பழைய டிஏசியில் 24 டெசிபல் குறைத்தால் 4 பிட் நஷ்டம். மெல்லிய தம்புரா மீட்டல் கரகரப்பில் கரையும். இன்றைய 24 பிட் டிஏசியில் கீழே 8 பிட் சும்மா கிடப்பதால் அதே குறைப்பு காதுக்குத் தெரியாது. ஆனாலும் கணினியில் முழுதாக வைத்து வெளியே குமிழைத் திருகுவதே சுத்தமான பழக்கம்.

மேக் வேறு ரகம். யுட்டிலிட்டீஸ் கோப்புறையில் இருக்கும் ‘ஆடியோ மிடி செட்அப்’ டிஏசியின் வேகத்தைக் காட்டும், மாற்றவும் விடும். ஆப்பிள் மியூசிக் 2021இல் லாஸ்லெஸ் ஒலிக்கு வந்தபோதும், பாட்டுக்குப் பாட்டு வேகத்தைத் தானே மாற்றும் வசதி மேக்கில் வரவில்லை. கையால் மாற்ற வேண்டியிருந்தது. ஆடிர்வானா, ரூன் போன்ற பிளேயர்கள் அதைத் தாங்களே செய்யும். லினக்ஸ்காரர்களுக்குத்தான் உள்ளே எட்டிப் பார்க்கும் சுகம். லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சா வழியே நேராக அனுப்பினால், ஒலி அட்டையின் நிலையைச் சொல்லும் ஒரு குட்டிக் கோப்பைத் திறந்து ‘ரேட்’ என்ற வரியில் 44100 என்று நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். பாட்டை நிறுத்தினால் அதே கோப்பில் ‘க்ளோஸ்டு’ என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும்.

எண்கள் கைபடாமல் போகின்றனவா என்று உறுதிசெய்ய அழகான பழைய சோதனை ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் பசிபிக் மைக்ரோசோனிக்ஸ் உருவாக்கிய எச்டிசிடி என்ற முறையில், சிடியின் 16 பிட்டில் கடைசி பிட்டுக்குள் ஒரு ரகசியக் குறி ஒளிந்திருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த டிஏசியில் தனி விளக்கு எரியும். வழியில் ஒலியைத் துளி குறைத்தாலும், வேகத்தை மாற்றினாலும் குறி சிதைந்து விளக்கு எரியாது. விளக்கு எரிந்தால் கணினி சும்மா இருக்கிறது என்று நம்பலாம்.

இனி கடிகாரம். எண்கள் சரியாக இருந்தால் போதாது, சரியான கணத்திலும் வர வேண்டும். ஆரம்பகால யுஎஸ்பி டிஏசிகள் கணினியின் தாளத்துக்கு ஆடின; கணினியோ ஆயிரம் வேலைக்கு நடுவே தாளம் போடும். வேவ்லெங்த் ஆடியோவின் கோர்டன் ராங்கின் போன்றவர்கள் பரப்பிய ‘அசிங்க்ரனஸ்’ முறை இதைத் தலைகீழாக்கியது. டிஏசிதான் தாளம் போடும். கொஞ்சம் வேகமாக அனுப்பு, கொஞ்சம் மெதுவாக அனுப்பு என்று கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். டிராகன்ஃபிளையை வடிவமைத்தவரும் ராங்கின்தான். நல்ல டிஏசியின் மூடியைக் கழற்றினால் பல சமயம் இரண்டு சிறிய படிக அலையியற்றிகள் தெரியும்: ஒன்றில் 22.5792, மற்றதில் 24.576 என்று மெகாஹெர்ட்ஸ் கணக்கு. 44,100ஐ 512ஆல் பெருக்கினால் முதல் எண், 48,000ஐப் பெருக்கினால் இரண்டாவது. இரண்டு குடும்பங்களுக்கும் தனித்தனிக் கடிகாரம். அந்தப் பலகையில் இதைவிட அழகான காட்சி கிடையாது.

இவ்வளவும் செய்தால் காதுக்கு என்ன கிடைக்கும்? உண்மையைச் சொல்வதானால், பெரிய லாபம் டிஏசி கணினிக்கு வெளியே இருப்பதுதான். மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையில் மவுஸை நகர்த்தும்போது கேட்கும் கீச்சொலி, பின்னணியில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் ஆகியவை போய்விடும். வேகமாற்றம் நீங்குவதால் வரும் மேம்பாடு அதைவிட நுட்பமானது. நல்ல மாற்றக் கணக்கு போடும் மென்பொருளில் பலருக்குத் தெரியாமலே போகலாம். ஒலிப்பொறியியல் சங்க ஆய்விதழில் 2007இல் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவையும் அதையே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு (அதாவது 44,100க்கு) இறக்கியதையும் கண்ணைக் கட்டிக் கேட்கச் சொன்னபோது, 554 முறைகளில் ஏறக்குறைய பாதிதான் சரியான விடை. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதேதான் வந்திருக்கும். ஆகவே 192 கிலோஹெர்ட்ஸுக்கும் 384 கிலோஹெர்ட்ஸுக்கும் அலைவதும், யுஎஸ்பி கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதும் வீண்.

சார்ஜரைச் செருகியதும் ‘ம்ம்’ என்ற உறுமல் வந்தால் குற்றம் டிஏசியில் இருக்க வாய்ப்பு குறைவு. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உறுமல் நின்றால் அது தரையிணைப்பு வளையம். ஆப்டிகல் இணைப்பு இருந்தால் அதற்கு மாறுங்கள். அதில் போவது ஒளிதான், மின்சாரம் இல்லை.

கேபிளில் மிச்சமாகும் பணத்தை நல்ல ஹெட்ஃபோனில் போடுங்கள். பரணில் பழைய சிடிகள் கிடந்தால், வீட்டில் சிடி டிரைவ் ஒன்று உயிரோடு இருக்கும்போதே அவற்றை ஃபிளாக் கோப்புகளாக எடுத்து வையுங்கள். புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் அந்த டிரைவே வருவதில்லை.