தன்னைத் தானே வாங்கிக்கொண்ட வீடு

டாம் ரைட், பிராட்லி ஹோப் எழுதிய 'பில்லியன் டாலர் வேல்' 2018இல் வந்தது. 1எம்டிபி பணம் போன பாதையை இவ்வளவு விறுவிறுப்பாகச் சொன்ன புத்தகம் நான் வேறு படித்ததில்லை. என் மனத்தாங்கலும் அங்கேதான். லாஸ் வேகாஸ் பிறந்தநாள் பார்ட்டியில் தொடங்குகிறது. ஜோ லோவின் ஷாம்பெயினும் நட்சத்திரங்களும் பக்கம் பக்கமாக வருகின்றன. வீடுகள் என்று வந்தால் மட்டும் விலைப்பட்டியல் மாதிரி ஓடிவிடுகிறது.

எனக்கு வீடுகள்தான் கதையே. 2015 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸில் லூயிஸ் ஸ்டோரியும் ஸ்டெஃபனி சாலும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு தொடரே எழுதினார்கள்: டைம் வார்னர் சென்டரில் இருக்கும் வீடுகள் உண்மையில் யாருடையவை? ஜோ லோவிடம் அவர்களைக் கொண்டுபோய் விட்ட பென்ட்ஹவுஸ் 2011இல் 30.55 மில்லியன் டாலருக்குப் போனது. பத்திரத்தில் வாங்கியவர் பெயர் '80 கொலம்பஸ் சர்க்கிள் (என்.ஒய்.சி) எல்.எல்.சி'. அதாவது கட்டடத்தின் முகவரிதான் உரிமையாளர். வீடு தன்னைத் தானே வாங்கிக்கொண்ட மாதிரி. எந்த நாவலாசிரியருக்கு இது தோன்றும் சொல்லுங்க?

இப்படி வாங்குவதில் இன்னொரு வசதியும் இருக்கு. வீடு கைமாற வேண்டாம், கம்பெனியின் பங்கு கைமாறினால் போதும். பத்திரத்தில் அதே பெயர்தான் இருக்கும், உள்ளே ஆள் மட்டும் வேறு. 2016 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை போட்ட சிவில் பறிமுதல் வழக்குகளிலும் பிரதிவாதி மனிதர் இல்லை, சொத்துதான். வீட்டையே கூண்டில் ஏற்றினார்கள்.

இது நம்ம இலக்கியத்துக்கு அந்நியமா என்ன? மலேசியத் தமிழ்க் கதைகளில் லயம் உண்டு, கங்காணி உண்டு, கிராணி உண்டு, துரை பங்களாவும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அந்தத் துரையே ஒரு சம்பளக்காரர். முதலாளி லண்டனில் ஒரு பங்குப் பதிவேட்டில் இருந்தார், கதைக்குள் அவர் தலையே காட்டியதில்லை. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி பெர்மோடாலான் நேஷனல் லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திலேயே கத்ரி கம்பெனியைக் கைப்பற்றியது. மறுநாள் காலையிலும் பால்வெட்டுக்காரர்களுக்கு அதே நிரைதான். ஆனாலும் நாம இன்னும் லயத்தின் ஒழுகும் கூரையைத்தான் எழுதிக்கொண்டு இருக்கோம். பூச்சோங்கில் கின்ராரா தோட்டம் பண்டார் கின்ராராவாகி எத்தனையோ வருஷம் ஆச்சு.

தீயணைப்பு அலாரம் சோதிக்க நகரத்துப் பெரிய கொண்டோக்களுக்குப் போவது என் வேலை. பல மாடிகளில் கதவு தட்டினால் பதில் வராது. சாவி மேனேஜ்மென்ட் ஆபீஸில் இருக்கும், ரெஜிஸ்டரில் கம்பெனி பெயர் இருக்கும். காவலுக்கு நிற்கும் நேப்பாளத் தம்பிக்கும் அந்தக் கம்பெனி பெயருக்கு மேல் எதுவும் தெரியாது. இதை வைத்துத் தமிழில் ஒரு கதை நான் இன்னும் படிக்கவில்லை.

புத்தகத்தை அவசியம் படிங்க. முடித்த கையோடு நீதித்துறையின் மனுவையும் இறக்கிப் படிங்க, இலவசம்தான். பார்ட்டிகளை விட அதில் தேதிகள்தான் அதிகம்: எந்த நாளில், எந்தக் கணக்கிலிருந்து, எந்த வக்கீல் நிறுவனத்தின் கணக்கு வழியாக, எந்த வீட்டுக்குள் பணம் போனது என்று வரிசையாக இருக்கும்.