சிறிய கூடங்களில் சொல்லும் படமும்: ஜப்பானியப் பாப் கலை குறித்து ஒரு மொழியியல் நோக்கு

டோக்கியோ நகரின் கின்சா பகுதியில் நெடுங்காலமாக நிலவிவருவது வாடகைக் கலைக்கூட முறை. ஜப்பானிய மொழியில் இக்கூடங்கள் 'கஷிகரோ' எனப்படும். கலைஞர் ஒரு வாரம் போன்ற குறுகிய காலத்திற்குத் தாமே வாடகை கொடுத்து ஓர் அறையைப் பெற்றுத் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைப்பார். படம் விற்றாலும் விற்காவிட்டாலும் வாடகை வாடகைதான். இம்முறையைக் கேலி செய்யும் நோக்குடன் 1993ஆம் ஆண்டில் ஓசாவா சுயோஷி என்னும் இளங்கலைஞர் தாமே ஒரு கலைக்கூடத்தைத் தொடங்கினார். வீட்டு வாசலில் பால் புட்டிகள் வைப்பதற்கென மாட்டப்படும் சிறு மரப்பெட்டி ஒன்றின் உட்புறத்துக்கு வெள்ளை பூசி, அதைத் தெருவில் தொங்கவிட்டு, பிற கலைஞர்களின் படைப்புகளை அதனுள் வைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'நாசுபி கலைக்கூடம்'. நாசுபி என்பது கத்தரிக்காய். கின்சாவில் அறியப்பட்ட வாடகைக் கூடங்களுள் ஒன்றின் பெயர் 'நாபிசு'. ஈற்றசைகள் இரண்டும் இடம்மாறியதில் ஒரு கலைக்கூடம் கத்தரிக்காயாயிற்று. தமிழில் தசை சதையாவதும் விசிறி சிவிறியாவதும் பேசுவோர் அறியாமலே நிகழும் எழுத்து நிலைமாற்றம்; இதுவோ அறிந்தே செய்யப்பட்டது.

இச்சிறு நிகழ்ச்சியை முதற்கண் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஜப்பானியப் பாப் கலை பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாவனவற்றையே பேசுகின்றன: பளிச்சிடும் வண்ணம், நிழலற்ற தட்டையான உரு, பெரிய கண்கள், மாங்கா எனப்படும் படக்கதைகளின் செல்வாக்கு. அப்படங்களிலும் அவற்றின் தலைப்புகளிலும் உள்ள சொற்கள் அடிக்குறிப்பளவிலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் இக்கலையின் சிறந்த படைப்புகள் பார்க்கப்படுவதோடு படிக்கப்படவும் வேண்டியவை. சொல்லை நீக்கினால் அவற்றின் பாதி போய்விடும். தமிழ் ஆய்வுலகில் ஜப்பானிய மொழி என்றவுடன் ஓனோ சுசுமுவின் தமிழ்-ஜப்பானிய உறவுக் கொள்கையே நினைவுக்கு வருவது வழக்கம். மொழியியலாரிற் பெரும்பாலோர் ஏற்காத அக்கொள்கைக்கும் இங்குக் கூறப்படுவதற்கும் தொடர்பில்லை.

இக்கலைக்கு மிகப் பரவலாக வழங்கும் பெயர் 'சூப்பர்ஃபிளாட்'. இதனை நிலைநாட்டியவர் முராகாமி தகாஷி. 1962இல் பிறந்த இவர், கனிமப் பொடி வண்ணங்களைப் பசையில் குழைத்து வரையும் 'நிஹொங்கா' என்னும் மரபோவிய முறையில் பயின்று, 1993இல் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2000ஆம் ஆண்டில் பார்கோ என்னும் வணிக வளாகத்தின் காட்சிக்கூடத்தில் இப்பெயரில் ஒரு கண்காட்சியை அமைத்தார். அது 2001இல் லாஸ் ஏஞ்சலிசுக்கும் சென்றது. எதோ காலத்து ஓவியர்களான இத்தோ ஜகுச்சு, சொகா ஷோஹகு முதலியோரின் படங்களில் காணப்படும் ஆழமற்ற பரப்பே இன்றைய அசைவூட்டப் படங்களிலும் தொடர்கிறது என்பது அவர் கொள்கை. இவ்வோவியர் வரிசை அவர் தாமே கண்டதன்று. கலை வரலாற்றறிஞர் சுஜி நொபுவோ 1970இல் வெளியிட்ட நூலில் தொகுத்துக் காட்டியது.

இக்கொள்கையில் ஏற்கத்தக்க கூறு ஒன்றுண்டு. நுண்கலையைக் குறிக்கும் 'பிஜுத்சு' என்ற சொல்லே 1873ஆம் ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சியை முன்னிட்டு மொழிபெயர்ப்பாக ஆக்கப்பட்டது. நிஹொங்கா என்ற சொல்லும் மேலை ஓவியம் வந்த பின்னரே, அதனின்று வேறுபடுத்த எழுந்தது. உயர்கலை, வணிகக்கலை என்னும் பிரிவு ஜப்பானுக்கு இறக்குமதியான ஒன்று என முராகாமி வாதிடுவதற்குச் சொல் வரலாறு துணைநிற்கிறது. எனினும் தட்டையான பரப்பு ஜப்பானுக்கே உரியதன்று. உலகின் பல ஓவிய மரபுகளில் அது உண்டு. பொதுவானதொரு பண்பைச் சிறப்புப் பண்பாகக் காட்டுவது மொழி ஒப்பீட்டில் அடிக்கடி நேரும் பிழை. கலை ஒப்பீட்டிலும் அப்படியே. சூப்பர்ஃபிளாட் நல்ல பெயர். கோட்பாடு என்ற நிலையில் அது தளர்ந்ததே.

முராகாமியின் புகழ்பெற்ற உருவமாகிய 'டி.ஓ.பி.' இதற்குச் சான்று. 1993இல் தோன்றிய இவ்வுருவத்தின் ஒரு காதில் டி என்னும் ரோமன் எழுத்தும் மறு காதில் பி என்னும் எழுத்தும் உள்ளன. வட்டமான முகமே ஓ. இது மிக்கி மௌசின் சாயல் என்று கூறி நிறுத்திவிடுவோர் பலர். ஆனால் இதன் பிறப்பு ஒரு சொற்றொடரில். 'ஏன்' எனப் பொருள்படும் 'தோஷிதே' என்ற சொல்லை, ஒரு படக்கதையில் வரும் நாட்டுப்புறச் சிறுவன் 'தோபோஜிதே' எனத் திரித்துக் கூறுவான். அதனை இருமுறை அடுக்கி, அதனோடு ஹொக்கைதோத் தீவிலுள்ள ஊரொன்றின் பெயராகிய 'ஓஷாமன்பே' என்பதை முராகாமி சேர்த்தார். அவ்வூர்ப்பெயர் நகைச்சுவை நடிகர் ஒருவரின் வாய்ப்பாட்டால் முன்னரே சிரிப்புக்கு உரியதாகியிருந்தது. அமெரிக்காவில் ஜென்னி ஹோல்சர், பார்பரா குரூகர் போன்றோர் சொற்களையே கலைப்பொருளாக்கியதைப் பார்த்து ஜப்பானில் எழுந்த போலிகளை நகையாடுவதே அவர் நோக்கம். 'ஏன் ஏன்' என்ற வினாவுக்குப் பொருளற்ற விடை. அவ்வினாவின் முதலெழுத்துகளே பின்னர் முகமாயின.

எழுத்து, உரு, ஒலி மூன்றும் ஒன்றிலொன்று புகும் இவ்வமைப்புக்கு முன்னோடியை ஜகுச்சுவின் கோழிகளில் தேட வேண்டியதில்லை. எதோ காலத்து மக்களிடையே பரவியிருந்த 'ஹன்ஜிமோனோ' என்னும் படப்புதிர்களில் அது உள்ளது. அரிவாள் ஒன்று, வட்டம் ஒன்று, 'நு' என்ற எழுத்து ஒன்று. அரிவாள் 'கமா', வட்டம் 'வா'. சேர்த்துப் படித்தால் 'கமாவாநு', அதாவது 'எனக்குக் கவலையில்லை'. கபுகி நடிகர் ஏழாம் இச்சிகாவா தன்ஜூரோ அணிந்த ஆடையால் புகழ்பெற்ற கோலம் இது. வட்டம் அங்கு ஒலியைக் குறித்தது, டி.ஓ.பி.யில் எழுத்தையும் முகத்தையும் ஒருங்கே குறிக்கிறது. சிலேடையைச் செவியால் மட்டும் சுவைத்துப் பழகிய தமிழருக்குக் கண்ணால் சுவைக்கும் இச்சிலேடை புதிது.

அமெரிக்கப் பாப் கலையிலும் சொல் உண்டே எனலாம். லிக்டென்ஸ்டைன் 1963இல் வரைந்த போர் விமானப் படத்தில் வெடியோசை எழுத்தாகவே நிற்கிறது. அங்கு எழுத்துமுறை ஒன்றே. ஜப்பானிய மொழியிலோ சீன வழிவந்த கஞ்ஜி, அசையெழுத்துகளாகிய ஹிராகானா, கதகானா, இவற்றோடு ரோமன் என நான்கும் ஒரே வரியில் வரலாம். எதை எதில் எழுதுவது என்ற தேர்வே பொருள் தரும். தமிழின் இரட்டைக்கிளவியை நினைவூட்டும் ஒலிக்குறிப்புகளும் பாங்குக்குறிப்புகளும் மாங்காவில் பெரும்பாலும் கதகானாவில் படத்தின் பகுதியாகவே வரையப்படுகின்றன. ஓசையின்மைக்கும் 'ஷீன்' என்றோர் ஓசைச்சொல் உண்டு. ஐதா மகோதோ தம் போரோவிய வரிசைக்கு இட்ட தலைப்பில் போர்ப்படத்தைக் குறிக்கும் சொல் கஞ்ஜியிலும், 'ரிட்டர்ன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் ரோமன் எழுத்திலும் உள்ளன. திரைப்படங்களின் இரண்டாம் பாகத்திற்குப் பெயரிடும் பாங்கு இது. அவ்வரிசையில் 1996இல் வந்த நியூயார்க் வான்தாக்குதல் படம், மடிதிரை போன்ற பரப்பில் வணிக நாளேட்டுத் தாள்களை ஒட்டி அவற்றின்மீது ஆக்கப்பட்டது. தலைப்பின் எழுத்து வேறுபாட்டை உணராதார்க்கு அப்படம் பகைமை முழக்கமாகவே தோன்றும். உணர்ந்தார்க்கு அம்முழக்கத்தின் மீதான ஏளனமும் கேட்கும்.

அடுத்து, இக்கலை பற்றிய எழுத்துகளில் தவறாது வரும் 'கவாயி' என்ற சொல். அழகு என இதனை மொழிபெயர்ப்பது போதாது. முகம் எனப் பொருள்படும் சொல்லடியாகப் பிறந்த இது, முகம் சிவந்து கூசுதல், பார்க்கப் பொறாது இரங்குதல், அன்பு கொள்ளுதல் எனப் படிப்படியாகப் பொருள் மாறி வந்தது. இரக்கப்பொருள் 'கவாயிசோ' என்ற இனச்சொல்லில் இன்றும் உண்டு. தமிழில் இதற்கு மிக அருகில் வருவது பேதை என்ற சொல் எனலாம். ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுமியையும், அறியாமையையும், இரங்கத்தக்காரையும் அது குறிக்கும். நாரா யோஷிதோமோ வரையும் சிறுமியரைக் காண்போர் இச்சொல்லை நினைவிற் கொள்வது தகும். 2000ஆம் ஆண்டில் அவர் வரைந்த படமொன்றில் ஒரு சிறுமி முறைத்துப் பார்க்கிறாள். ஒரு கை முதுகுக்குப் பின்னால் உள்ளது. படத்தில் கத்தி இல்லை. 'முதுகுக்குப் பின்னால் கத்தி' என்ற தலைப்பில் மட்டுமே அது உள்ளது. பேதை எனக் கண்டு இரங்க வந்தவரைத் தலைப்பு ஓரடி பின்வாங்கச் செய்கிறது.

இத்தகைய படைப்புகள் சிறிய கூடங்களில் வளர்ந்தது தற்செயலன்று. சவராகி நோயி 1992இல் தொகுத்த 'அனாமலி' கண்காட்சி டோக்கியோவின் ஓமோரி பகுதியில் ஒரு கூடத்தில் நடந்தது. 1927இல் அரிசி வணிகத்திற்கெனக் கட்டப்பட்ட ஷொகுர்யோ கட்டடத்தில் 1983 முதல் 2000 வரை சகாச்சோ காட்சியிடம் இயங்கியது. அதே கட்டடத்தில் 1996இல் தொடங்கிய கொயாமா தோமியோவின் கூடம் முராகாமி, நாரா இருவரின் படைப்புகளையும் காட்சிப்படுத்தியது. சிறு அறையில் பார்வையாளர் படத்தை நெருங்கி நிற்கிறார். பெயரட்டை கையெட்டும் தூரத்தில் உள்ளது. வருவோர் பெரும்பாலும் அம்மொழி பேசுவோர். சிலேடைக்கு இவ்வளவு அண்மை தேவை. நசுபியின் கேலிகூட நாபிசு இருந்த தெருவிலேயே உறைக்கும்.

பெருங்கூடங்களுக்குச் சென்றபின் நிகழ்ந்த இழப்பு முராகாமியிடம் வெளிப்படை. 2003இல் லூயி வுய்ட்டோன் நிறுவனத்திற்காக அவர் வண்ணமூட்டிய தோற்பைகளில் எழுத்துகள் உள்ளன. ஆனால் படிப்பதற்கு வணிகப்பெயர் ஒன்றே உண்டு. அவருடைய சிரிக்கும் பூக்களில் அதுவும் இல்லை. டி.ஓ.பி.யின் குறும்பை அறிந்தவருக்கு இப்பூக்கள் பயிற்சிக் கோலங்களாகவே தோன்றும்.

நாராவின் நிலை வேறு. கத்தியைத் தலைப்பில் மறைத்த அப்படம் 2019இல் ஹாங்காங் ஏலத்தில் ஏறத்தாழ இரண்டரைக் கோடி அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. பெயரட்டையைவிட விலையே அதிகம் படிக்கப்பட்டது. ஆயினும் 1998இல் அவர் வரைந்த சிறு கோட்டோவியம் ஒன்றில், அணுவுக்கு எதிரான இரு ஆங்கிலச் சொற்களைத் தாங்கி ஒரு சிறுமி நிற்கிறாள். ஃபுகுஷிமா விபத்துக்கு அடுத்த ஆண்டாகிய 2012இல் டோக்கியோ வீதிகளில் ஊர்வலம் சென்றோர் கலைஞரின் இசைவுடன் அதனைப் படியெடுத்து ஏந்திச் சென்றனர்.