திருபுவனம் பட்டை எதை வைத்து எடைபோடுவது?

சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்து தை பிறந்துவிட்டால், முகூர்த்தப் புடவை எடுக்க டெல்டாக் குடும்பங்கள் கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்துக்குக் கிளம்பிவிடும். கடையில் பெரியவர்கள் புடவையை விரிப்பதற்கு முன் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்ல பட்டு. காலங்காலமாகச் செல்லுபடியாகும் இந்த அளவுகோல் இன்றும் சரிதானா?

ஸ்காட்லாந்தின் கில்ட் என்னும் மடிப்புப் பாவாடைக்கு இது சரி. கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளியில் 8 கெஜம் மடித்துத் தைக்கிறார்கள். அந்தக் கனம் இருந்தால்தான் பின்மடிப்பு கலையாமல் விழும். கனம் முழுதும் கம்பளியினுடையது. பட்டுப் புடவையின் கனம் அப்படி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை.

கச்சாப் பட்டில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்னும் பசை. சாயம் தோய்க்குமுன் சோப்பு நீரில் காய்ச்சி அதைப் போக்கினால்தான் மினுமினுப்பு வரும். கிலோ நூல் முக்கால் கிலோவாகிவிடும். இழந்த எடையை வெள்ளீய உப்பேற்றி ஈடுகட்டும் வழக்கம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே பரவியிருந்தது. அப்படிக் கனமாக்கிய பட்டு மடிப்போடு மடிப்பாகக் கிழிந்துபோனது. ஆக, நல்ல பட்டு எடை இழந்த பட்டு.

மிச்சக் கனம் ஜரிகையிலிருந்து வருகிறது. தூய ஜரிகையின் நடுவே பட்டு இழை, அதைச் சுற்றி வெள்ளி, மேலே தங்க முலாம். தங்கம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது, மதிப்பெல்லாம் வெள்ளியில்தான். 'பழைய பட்டுப் புடவை' என்று தெருவில் கூவி வருபவர் வாங்குவதும் அந்த வெள்ளிக்காகவே. பாட்டி காலத்தில் கனமான புடவை உண்மையிலேயே வீட்டுச் சேமிப்பு; கனத்தை மதித்தவர்களின் நியாயம் அது. வெள்ளி விலை ஏற ஏற அந்த இடத்துக்குச் செம்பு வந்துவிட்டது. செம்பும் கனக்கும், கைக்கு வித்தியாசம் தெரியாது. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜரிகை இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிய வேண்டும். கையில் தூக்கிப் பார்ப்பதைவிட இது நம்பகமான சோதனை.

தராசில் சிறிதும் ஏறாத ஒன்று நெசவாளியின் வேலை. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, இருபுறக் கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று ஓடும். தறியில் கூட ஓர் ஆள் உட்கார வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடலின் குறுக்கிழையான ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கவ்வித் திரும்புகின்றன. புடவையைத் திருப்பிப்போட்டு, உடலும் கரையும் சேரும் கோட்டில் விரலை ஓட்டுங்கள்: பல்பல்லாகத் தட்டுப்படும். கரையின் நிறமும் கலங்காமல் நிற்கும். ஒரே ஊடை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடும் புடவையில் உடல் நிறம் கரையிலும் ஏறி மங்கலாக்கிவிடும். கனத்துக்கு விலை கொடுக்கும் நாம் இந்தக் கோட்டுக்கு விலை கொடுப்பதில்லை. தறியை விட்டு ஆட்கள் போவதற்கு இது முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன்.

முத்திரைகள் துணை செய்யாதா? பாதிதான். 2004இல் வந்த சில்க் மார்க், பட்டு தூயது என்று சொல்லும். 2006இன் கைத்தறி முத்திரை தறியைச் சொல்லும். திருபுவனம் பட்டுக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊரைக் காக்கும். முதல் இரண்டும் ஜரிகையைப் பற்றி வாய் திறப்பதில்லை. பெரும்பணம் போவதோ அதில்தான்.

எனவே என் தீர்ப்பில் நெசவின் இணைப்புக்கு முதலிடம், அடுத்தது ஜரிகை, பிறகு நூல். கனத்துக்கு மதிப்பெண் இல்லை. அடுத்த முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்கப் போகிறவர்கள், ஜரிகை தூயதா கலப்பா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.